சூடு முதலில், ஈயம் பிறகு: ரிமோட் கார் மோட்டருக்கு வயர் பற்றவைப்பது எப்படி?



நமது வானொலியில் மாதம் ஒருமுறை நான் வழங்கும் பேச்சு பெரும்பாலும் வருமான வரி, ஓய்வூதிய நிதி, வீட்டுக் கடன் என்றுதான் போகும். படித்தது வர்த்தகம், பார்ப்பது கணக்கு வேலை; வேறென்ன பேசுவது! ஆனால் சென்ற மாதம் பாடசாலை விடுமுறை என்பதால், பிள்ளைகள் ஆசையோடு ஓட்டும் ரிமோட் கொன்ட்ரோல் கார்களைப் பற்றிப் பேசினேன். வரியைப் பற்றிப் பேசியபோது ஒருநாளும் வராத அளவுக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. "மோட்டரில் வயரைப் பற்றவைக்கும் பகுதியை எழுத்தில் தாருங்கள், காதால் கேட்டுச் செய்ய முடியவில்லை" என்று பலர் கேட்டார்கள். அதற்காகவே இக்கட்டுரை.

அழைத்தவர்களில் ஓர் அம்மா சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். மகனுக்கு 13 வயது. காரின் வேகம் குறைந்துவிட்டது. முதலில் புது மோட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். பழைய வயர்களை மகனே அதில் பற்றவைத்தான். வேகம் வரவில்லை. பிறகு புது பற்றரி வாங்கினார்கள். அப்போதும் வரவில்லை. செலவு நூறு டொலரைத் தாண்டிவிட்டது. காரை நிலையத்துக்குக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். மோட்டரும் நல்லது, பற்றரியும் நல்லது. மோட்டர் முனையில் வயரைப் பிடித்திருந்த ஈயப் பொட்டு மட்டும் விரல் பட்டதும் ஆடியது. அதைத் திருத்தச் சில சதத்துக்கு ஈயமும் ஐந்து நிமிடமும் போதுமாக இருந்தன.

வருமானம் போதவில்லை என்று ஓடித் திரிய முன், எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். என்னிடம் வரும் சிறு வியாபாரிகளுக்கு நான் சொல்வது இதுதான். ரிமோட் காருக்கும் இதுவே பொருந்தும்.

ஒழுக்கின் கணக்கு

இந்தக் கார்களில் சாதாரணமாக இருப்பது 540 என்று சொல்லப்படும் அளவு மோட்டர். ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் விட்டம், 50 மில்லிமீற்றர் நீளம். ஜப்பானின் தமியா நிறுவனம் தன் முதலாவது ரிமோட் காரை 1976இல் வெளியிட்டது. அதன் பின் வந்த இத்தனை ஆண்டுகளிலும் இந்த அளவு பெரிதாக மாறவில்லை. மாறியது அதற்குள் ஓடும் மின்சாரம். இன்றைய வேகமான கார் ஒன்று பாய்ந்து புறப்படும் கணத்தில் 30, 40, சில வேளைகளில் 50 அம்பியரும் ஓடும். இங்கே அவுஸ்திரேலியாவில் வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண பிளக் 10 அம்பியருக்கு உரியது என்பதை நினைத்துப் பாருங்கள். பற்றரியின் அழுத்தம் 7.4 வோல்ற்றுதான் என்பதால் மின்சாரம் தாக்காது. ஆனால் சூடு பிறக்கும்.

ஒரு மோசமான பற்றின் தடை ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கேட்கச் சிறிய தொகை. 30 அம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் 9 வாற்று சூடாக வீணாகும். 50 அம்பியர் ஓடினால் 25 வாற்று! மின்னோட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும் என்பதே இங்குள்ள விதி. 25 வாற்று என்பது கடையில் விற்கும் சிறிய சோல்டரிங் அயனின் வலு. அதாவது, மோசமான பற்று தானே ஒரு சூட்டுக்கோலாக மாறித் தன் ஈயத்தைத் தானே இளக்கப் பார்க்கும். மோட்டர் தாறுமாறாகச் சூடாவதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே வயர் கழன்று விழுவதும் பல வேளைகளில் இதனால்தான்.

நல்ல பற்றின் தடை இதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இன்னொரு விதமாகச் சொன்னால், அந்த ஒரு கெட்ட பற்று, காரில் உள்ள தடித்த வயரை ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீட்டியதற்குச் சமம்.

ஈயம் பசை அல்ல

பலரும் ஈயத்தைப் பசை என்று நினைக்கிறார்கள். கோலின் நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்து, வயரின் மேல் சொட்டாக வைத்து, காய்ந்ததும் ஒட்டிவிட்டது என்று நம்புகிறார்கள். பார்வைக்கு அது ஒட்டியதுபோலவே இருக்கும். ஆனால் ஒட்டியிராது.

ஊரில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஈயம் பூசுபவர் முதலில் பாத்திரத்தைச் சுத்தமாகத் தேய்ப்பார். பிறகு நெருப்பில் வைத்துப் பாத்திரத்தைச் சூடாக்குவார். நவச்சாரத்தைத் தூவுவார். அதன் பின்னரே வெள்ளீயத்தைத் தொடுவார். சூடான பித்தளையில் பட்டதும் அது தானாக உருகிப் பரவும். துணியால் ஓர் இழுப்பு, பாத்திரம் பளபளக்கும். வெள்ளீயத்தைத் தனியாக உருக்கிக் குளிர்ந்த பாத்திரத்தில் ஊற்றினால் என்ன நடக்கும்? தகடாக உரிந்து வந்துவிடும்.

மோட்டர் முனையிலும் அதே கதைதான். செப்பு போதிய சூட்டில் இருக்கும்போது உருகிய வெள்ளீயம் அதன் மேற்பரப்போடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கலப்புப் படையை உண்டாக்குகிறது. பிடிப்பது அந்தப் படைதான். செப்பு குளிர்ந்திருந்தால் அந்தப் படை உண்டாகாது. வெளியே ஈயம், உள்ளே வெறும் இடைவெளி. இதைக் குளிர்ப் பற்று என்பார்கள்.

நவச்சாரத்தின் வேலையை இங்கே செய்வது, ஈயக் கம்பியின் நடுவே நிரப்பப்பட்டிருக்கும் பைன் மரப்பிசின். சூட்டில் செப்பின் மேல் உண்டாகும் களிம்பை அது அகற்றும். ஈயத்தைக் கோலில் உருக்கிக் காவிக்கொண்டு வந்தால், வரும் வழியிலேயே பிசின் எரிந்து போய்விடும். அதனால்தான் தலைப்பில் உள்ள விதி: சூடு முதலில், ஈயம் பிறகு. கோல் உலோகத்தைச் சூடாக்கட்டும். உலோகம் ஈயத்தை உருக்கட்டும்.

வேண்டிய பொருட்கள்

சூட்டுக்கோல் 60 வாற்றுக்குக் குறையாததாக இருக்கட்டும். சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடியது மிக நல்லது. வானொலிப் பலகைகளுக்குப் பயன்படும் 25 வாற்றுக் கோல் இதற்குப் போதாது. தடித்த செப்பு வயர் சூட்டை உறிஞ்சி அப்பால் கடத்திவிடும். கோல் ஈடுகொடுக்க முடியாமல் திணறும். நுனி ஊசிபோல இருக்கக் கூடாது. உளிபோல அகன்றிருக்க வேண்டும். அகன்ற நுனி அதிக இடத்தைத் தொடும், சூடு விரைவாக இறங்கும்.

ஈயக் கம்பியில் இரண்டு வகை உண்டு. 63 வீதம் வெள்ளீயமும் 37 வீதம் காரீயமும் கலந்தது 183 பாகை செல்சியஸில் உருகும்; பழகுபவர்களுக்குக் கைக்கு இலகுவானது. காரீயம் இல்லாத வகை 217 முதல் 227 பாகை வரையில் உருகும். கோலுக்குச் சற்றுக் கூடுதல் சூடு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் பெரும்பாலான மின் பொருட்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியதால் இந்த இரண்டாவது வகை பரவலானது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதையே வாங்குங்கள். எதை வாங்கினாலும் நடுவில் மரப்பிசின் உள்ளதாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் வேலைக்கு விற்கும் அமிலப் பசை வேண்டவே வேண்டாம். அது நாளடைவில் செப்பைத் தின்றுவிடும்.

இவற்றோடு வயர் உரிக்கும் குறடு, மெல்லிய அரத்தாள், மோட்டரைப் பிடிக்க ஒரு சிறிய வைஸ், சூட்டில் சுருங்கும் பிளாஸ்ரிக் குழாய், பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு மல்ரிமீற்றர்.

செய்முறை

1. பற்றரியைக் கழற்றி, காரில் இருந்து வெளியே எடுத்து அப்பால் வையுங்கள். இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு உள்ளே விடுவது போதாது.

2. மோட்டரை வைஸில் மெல்லப் பிடியுங்கள். கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை அல்ல இது. இரண்டு முனைகளையும் அரத்தாளால் செம்பு நிறமோ வெள்ளி நிறமோ பளிச்சென்று தெரியும் வரை தேயுங்கள். நேர் முனைக்கு அருகில் கூட்டல் குறியோ சிவப்புப் புள்ளியோ இருக்கும், பார்த்து வையுங்கள்.

3. சுருங்கும் குழாயை இப்போதே வயரில் மாட்டி, நுனியில் இருந்து தூரத் தள்ளிவிடுங்கள். பற்றவைத்து முடிந்த பின் அதை உள்ளே நுழைக்க முடியாது.

4. வயரின் உறையை 5 அல்லது 6 மில்லிமீற்றர் உரித்து, இழைகளை முறுக்கி விடுங்கள். கோலை ஒரு பக்கம் வைத்து, மறு பக்கத்தில் ஈயக் கம்பியைத் தொடுங்கள். சூடேறியதும் ஈயம் இழைகளுக்குள் தானாக உறிஞ்சப்படும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இருக்கும். இழைகளின் வடிவம் தெரியவேண்டும்; உருண்டையாகத் திரளக் கூடாது.

5. மோட்டர் முனைக்கும் அதேபோல மெல்லியதாக ஈயம் பூசுங்கள். கோல் 3 முதல் 5 செக்கன்களுக்கு மேல் அங்கே இருக்க வேண்டாம். முனையைத் தாங்கி நிற்பது பிளாஸ்ரிக். அது இளகினால் உள்ளிருக்கும் காபன் தூரிகைகள் இடம் பெயரும். ஒரு தடவையில் சரிவராவிட்டால், ஆறவிட்டு மீண்டும் செய்யுங்கள்.

6. ஈயம் பூசிய வயரை ஈயம் பூசிய முனையின் மேல் வையுங்கள். கோலின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, அதில் மிகச் சிறிதளவு புது ஈயத்தை எடுத்து, வயரையும் முனையையும் ஒன்றாகத் தொடும்படி வையுங்கள். அந்தச் சிறு துளி சூட்டைக் கடத்துவதற்கு மட்டும். இரண்டு பக்க ஈயமும் உருகி ஒன்றாகக் கலப்பது கண்ணுக்குத் தெரியும். தேவையென்றால் கம்பியில் இருந்து இன்னும் சிறிது ஊட்டுங்கள்.

7. கோலை எடுங்கள். வயரை அசைக்காமல் ஐந்து செக்கன் பிடியுங்கள். ஈயம் உறையும் அந்தக் கணத்தில் கை நடுங்கினால் உள்ளே வெடிப்பு விழும். வயரை வெறும் விரலால் பிடிக்காதீர்கள், குறடால் பிடியுங்கள். வாயால் ஊதிக் குளிர்விக்கவும் வேண்டாம்.

8. ஆறியதும் வயரைப் பிடித்து ஓரளவு பலமாக இழுத்துப் பாருங்கள். பிறகு குழாயை மேலே தள்ளிச் சூடுகாட்டிச் சுருக்குங்கள்.

மூன்று சிறிய பொட்டுகள்

பழைய வகை இரண்டு முனை மோட்டரில், முனைகளுக்கு இடையிலும் ஒவ்வொரு முனைக்கும் உலோக உடலுக்கு இடையிலுமாக மூன்று சிறிய மின்தேக்கிகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். '104' என்று எழுதியிருக்கும். புது வயர் போடும்போது இவற்றை வேண்டாதவை என்று வெட்டி எறிந்துவிடாதீர்கள். வானொலிக்காரர்களான நமக்கு இவற்றின் வேலை நன்றாகவே புரியும். மோட்டருக்குள் தூரிகைகள் உரசும் இடத்தில் ஓயாமல் தீப்பொறி பறக்கும். தீப்பொறி என்பது ஒரு வானொலி அலைபரப்பி. மார்க்கோனி 1901இல் அத்திலாந்திக் கடலைத் தாண்டிச் செய்தி அனுப்பியதும் தீப்பொறி அலைபரப்பியால்தான். காருக்குள் அப்படியொரு 'நிலையம்' ஓயாமல் இரைந்தால், பிள்ளை அனுப்பும் கட்டளை காருக்குக் கேட்காமல் போகும். 27 மெகா ஹேர்ட்ஸில் ஓடிய பழைய கார்கள் திடீரென்று திக்குமுக்காடியதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைய 2.4 கிகா ஹேர்ட்ஸ் கருவிகள் இந்த இரைச்சலை அதிகம் பொருட்படுத்துவதில்லை. என்றாலும் மின்தேக்கிகள் இருப்பதே நல்லது.

மூன்று வயர் மோட்டர்

இப்போது வரும் வேகமான கார்களில் தூரிகை இல்லாத மோட்டர்தான் அதிகம். இதற்கு மூன்று வயர்கள். உணர்வி வயர் இல்லாத வகையென்றால், மூன்றையும் எந்த ஒழுங்கில் இணைத்தாலும் ஓடும். சில்லு பின்னோக்கிச் சுற்றினால் எந்த இரண்டையாவது மாற்றிப் போட்டால் போதும். ஆனால் தனியாக ஒரு மெல்லிய உணர்வி வயர் இருந்தால் கவனம். மோட்டரில் உள்ள ஏ, பி, சி என்ற குறிகளும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள ஏ, பி, சி குறிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தியே ஆக வேண்டும். மாறினால் இரண்டில் ஒன்று பழுதாகலாம்.

இன்னுமொன்று. சில மோட்டர்களில் வெளியே வரும் வயர்கள் உள்ளிருக்கும் சுருளின் நேரடி வால்களே. அவற்றை நீளம் என்று வெட்டினால், வெட்டிய இடத்தில் உள்ள இழைகளில் அரக்குப் பூச்சு இருக்கும். அதைச் சுரண்டாமல் ஈயம் பிடிக்காது. எனவே வெட்டாதீர்கள். இந்த மோட்டர்களின் காந்தம் நியோடிமியம். சாதாரண ரகம் 80 பாகையைத் தாண்டினால் வலு இழக்கத் தொடங்கும். நீண்ட நேரம் சூடு காட்டக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

சரிபார்த்தல்

காரீயம் கலந்த ஈயம் என்றால் நல்ல பற்று மினுமினுக்கும். மலையடிவாரம்போல ஓரம் சரிந்து உலோகத்தோடு கலந்திருக்கும். பந்துபோல மேலே உட்கார்ந்திருந்தால் அது குளிர்ப் பற்று. காரீயம் இல்லாத ஈயம் இயல்பிலேயே சற்று மங்கல். அதில் மினுக்கத்தைத் தேடாமல் ஓரச் சரிவைப் பாருங்கள்.

மல்ரிமீற்றரால் முனைக்கும் மோட்டரின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று உறுதிசெய்த பின்னரே பற்றரியை மாட்டுங்கள். ஆனால் ஒன்று: நாம் மேலே பார்த்த அந்த நூறில் ஒரு பங்கு ஓமைச் சாதாரண மீற்றர் காட்டாது, அதன் சொந்த வயர்களின் தடையே அதைவிடப் பல மடங்கு. எனவே ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு, தொடாமல், இரண்டு பற்றுகளுக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் ஒழுக்கு அங்கேதான்.

பாதுகாப்பு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து விட்டுவிடாமல் வாசியுங்கள்.

காரீயம் இந்தச் சூட்டில் ஆவியாக எழாது. ஆனால் கையில் ஒட்டும். கையில் இருந்து வாய்க்குப் போகும். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், மேசையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

புகையாக எழுவது மரப்பிசின். அது ஆஸ்துமாவைக் கிளப்பும். தொழிற்சாலைகளில் இதைத் தொடர்ந்து சுவாசித்தவர்களுக்குப் புதிதாகவே ஆஸ்துமா வந்திருக்கிறது. யன்னலைத் திறந்து, புகையை முகத்தில் இருந்து அப்பால் இழுக்கும்படி ஒரு மின்விசிறியை வையுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் அந்த நேரம் வேறு அறையில் இருக்கட்டும்.

பற்றரியின் இணைப்பை மாற்றும்போது இரண்டு வயர்களையும் ஒரே வெட்டில் வெட்டக் கூடாது. கத்தரியின் அலகே இரண்டையும் இணைத்துவிடும். லித்தியம் பற்றரி அந்தக் கணமே நூற்றுக்கணக்கான அம்பியரைக் கக்கும். ஒன்றை வெட்டி, முழுதாகப் பற்றவைத்து மூடிய பின்னரே மற்றது. வீங்கிய பற்றரியில் எந்த வேலையும் வேண்டாம்.

சூடு பட்டால் ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, வெண்ணெய், பனிக்கட்டி எதுவும் வேண்டாம்.

பிள்ளையிடம் கோலைக் கொடுக்கலாமா?

பல பெற்றோரின் கேள்வி இது. கொடுக்கலாம், நீங்களும் பக்கத்தில் நின்றால். முதலில் மோட்டரில் தொடங்க வேண்டாம். பழைய வயர்த் துண்டுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து இழுத்துப் பார்க்கட்டும். இருபது துண்டு செய்தால், எது பிடித்தது எது பிடிக்கவில்லை என்று பிள்ளையின் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. அப்போது சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த டைனமோவும் இந்த மோட்டரும் உடன்பிறப்புகள். இரண்டிலும் இருப்பது காந்தமும் செப்புச் சுருளும்தான். ஒன்று சுற்றினால் மின்சாரம் தரும், மற்றது மின்சாரம் கொடுத்தால் சுற்றும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்த நாட்களைப் பற்றி உட்காரவைத்துச் சொன்னால் ஐந்து நிமிடத்துக்கு மேல் கேட்க மாட்டார்கள். ஆனால் கையில் ஒரு வேலை நடக்கும்போது அவர்களாகவே கேட்பார்கள்: "அப்பா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று.

கார் மெதுவாக ஓடினால், கடைக்குப் போக முன் அந்த இரண்டு ஈயப் பொட்டுகளையும் ஒருமுறை பாருங்கள். ஐயம் இருந்தால் நிலையத்துக்கு அழையுங்கள், அல்லது காரைக் கொண்டு வாருங்கள். கோலும் ஈயமும் தயாராக இருக்கும். ஜூன் 30 நெருங்குவதால் அடுத்த மாதப் பேச்சு வழமைபோல வரிக் கணக்கு பற்றியது. ரசீதுகளை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.